ஒலிம்பிக்ஸ் வந்து போன கல்லூரி மைதானம்

கென்னடி பேசினார், பாகிஸ்தான் தங்கம் வென்றது, பள்ளிப் பிள்ளைகள் ஆண்டுதோறும் திருவிழா நடத்துகிறார்கள். கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸில் எளிய மக்களின் கல்லூரி ஒன்று 70 ஆண்டுகளுக்கு மேலாகக் காத்துவரும் விளையாட்டரங்கின் கதை.

2024 ஆகஸ்ட் 8. பாரீஸ் ஒலிம்பிக்ஸில் அர்ஷத் நதீம் எறிந்த ஈட்டி 92.97 மீட்டர் தூரத்தில் போய்க் குத்தி நின்றது. நம் நீரஜ் சோப்ராவுக்கு வெள்ளி. மறுநாள் நாளிதழ்கள் எல்லாம், “40 ஆண்டுகளுக்குப் பிறகு பாகிஸ்தானுக்கு ஒலிம்பிக் தங்கம்” என்று எழுதின. அப்படியானால் முந்தைய தங்கம் எங்கே கிடைத்தது? “1984, லாஸ் ஏஞ்சலிஸ், ஹாக்கி” என்பதோடு செய்திகள் நின்றுகொண்டன.

அந்தத் தங்கம் கிடைத்த இடம் உலகப் புகழ்பெற்ற கொலீசியம் அரங்கம் அல்ல. பெரிய பல்கலைக்கழகத்தின் மைதானமும் அல்ல. நகரத்தின் கிழக்கு எல்லையை ஒட்டிய மான்டெரே பார்க்கில், கூலித் தொழிலாளர்களின் பிள்ளைகளும் குடியேறிகளின் பிள்ளைகளும் படிக்கும் ஒரு சமுதாயக் கல்லூரியின் விளையாட்டரங்கம் அது. கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸ் கல்லூரியின் வைன்கார்ட் ஸ்டேடியம். 22,000 பேருக்கு மேல் உட்காரலாம்.

கோடிகளைக் கொட்டி அரங்கம் கட்டிவிட்டு, போட்டி முடிந்த மறுநாளே பூட்டுப் போடும் நகரங்களை உலகம் நிறையப் பார்த்துவிட்டது. ஒலிம்பிக்ஸ் வருவதற்கு 33 ஆண்டுகள் முன்பிருந்தே இந்த மைதானம் வேலை செய்துகொண்டிருந்தது. ஒலிம்பிக்ஸ் போன பிறகும் வேலை செய்கிறது. ஒரு மைதானத்தை எப்படிக் கட்டவேண்டும், யாருக்காகத் திறந்துவைக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

எல்லோருக்கும் ஒரு கல்லூரி

அமெரிக்காவின் சமுதாயக் கல்லூரி வேறு, பல்கலைக்கழகம் வேறு. ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு போன்ற இடங்களில் நுழையக் கடும் போட்டி. சமுதாயக் கல்லூரியில் அந்தப் போட்டி கிடையாது. பள்ளிப் படிப்பை முடித்தவரோ, 18 வயது நிரம்பியவரோ போய்ச் சேர்ந்துகொள்ளலாம். இரண்டு ஆண்டுப் படிப்பு. முடித்ததும் வேலைக்குப் போகலாம், பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டில் சேர்ந்து பட்டமும் பெறலாம். கலிஃபோர்னியா மாநிலத்தில் மட்டும் இப்படி 116 கல்லூரிகள். மாநிலவாசிகளுக்குக் கட்டணமும் குறைவு. பகலில் ஓட்டல் வேலையும் இரவில் வகுப்புமாக இருக்கும் இளைஞர்களுக்கும், பிள்ளைகள் வளர்ந்த பிறகு படிக்க வரும் தாய்மார்களுக்கும் இதுதான் வாசல்.

கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸ் கல்லூரி 1945-ல் தொடங்கியது. அப்போது சொந்தக் கட்டடம் இல்லை. கார்ஃபீல்டு உயர்நிலைப் பள்ளியின் வளாகத்தில்தான் வகுப்புகள். இரண்டாம் உலகப் போர் முடிந்து வீரர்கள் ஊர் திரும்பிய காலம். திரும்பி வந்தவர்களின் படிப்புச் செலவை அரசே ஏற்றுக்கொண்டதால் கல்லூரிகள் நிரம்பி வழிந்தன. 1948-ல் மான்டெரே பார்க்கில் இன்றைய இடத்துக்குக் கல்லூரி குடிபெயர்ந்தது. அங்கே வந்த மூன்றே ஆண்டில், 1951-ல், விளையாட்டரங்கம் எழுந்துவிட்டது.

வந்த வேகத்தில் 22,000 பேருக்கு இருக்கை எதற்கு? கல்லூரியின் தேவையை மட்டும் கணக்குப் போட்டால் இவ்வளவு பெரிய அரங்கம் அதிகம்தான். ஆனால், அது ஒரு வட்டாரத்துக்கே சேர்த்துக் கட்டிய அரங்கம். கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸ் என்றால் மெக்ஸிக வம்சாவளியினர் அடர்ந்து வாழும் பகுதி. நகரத்தின் மற்ற பகுதிகளில் இருந்த வசதிகள் இங்கே வந்துசேரக் காலம் பிடித்தது. கல்லூரி நிற்கும் சாலைக்கு இன்று பண்ணைத் தொழிலாளர்களின் தலைவர் சீசர் சாவேஸின் பெயர். அந்த மக்கள் பல்லாயிரக்கணக்கில் ஒன்றாகக் கூட ஓர் இடம் வேண்டியிருந்தது. அதைக் கல்லூரி தந்தது.

ஊரே கூடும் ஒரு நாள்

அந்தக் கூட்டத்தைப் பார்க்க வேண்டுமானால் ‘ஈஸ்ட் எல்.ஏ. கிளாசிக்’ நாளில் போகவேண்டும். கார்ஃபீல்டு உயர்நிலைப் பள்ளியும் ரூஸ்வெல்ட் உயர்நிலைப் பள்ளியும் மோதும் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம் அது. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். இரு பள்ளிகளின் மோதல் 1925-ல் தொடங்கியது. உலகப் போர்க் காலத்தில் நின்று, பிறகு மறுபடி தொடங்கியது. 1951-க்குப் பிறகு பெரும்பாலான ஆண்டுகளில் இந்த ஆட்டத்தின் களம் இந்தக் கல்லூரி மைதானம்தான்.

விளையாடுவோர் பள்ளி மாணவர்கள். பார்க்க வருவோரோ 20,000 பேர். பேரனின் ஆட்டத்தைப் பார்க்க வரும் தாத்தா, தானும் இதே மைதானத்தில் விளையாடியவராக இருப்பார். வேலைக்காக வெளியூர் போனவர்கள் அந்த ஒரு நாளுக்காகத் திரும்பி வருவார்கள். இரு பள்ளிகளின் வாத்தியக் குழுக்களும் உற்சாகக் குழுக்களும் மாதக்கணக்கில் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்து இறங்குவார்கள். அடுத்த ஓராண்டுக்கு அந்த வட்டாரத்தின் தெருப் பேச்சு அந்த ஒரு ஆட்டத்தின் முடிவுதான்.

இந்த இரண்டு பள்ளிகளும் வெறும் விளையாட்டுப் போட்டியாளர்கள் அல்ல. 1968 மார்ச்சில், இடிந்த கட்டடங்களையும் தரம் குறைந்த கல்வியையும் எதிர்த்துக் கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸின் மாணவர்கள் ஆயிரக்கணக்கில் வகுப்பைவிட்டு வெளியேறினார்கள். அந்த வெளிநடப்பில் கார்ஃபீல்டும் ரூஸ்வெல்ட்டும் முன்வரிசையில் நின்றன. மைதானத்தில் எதிரெதிர் அணி, தெருவில் ஒரே அணி.

கார்ஃபீல்டு பள்ளியின் கணக்கு ஆசிரியர் ஹைமே எஸ்கலான்டேயின் பெயரைச் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். ‘இந்தப் பிள்ளைகளுக்குக் கணக்கு வராது’ என்று ஊரே முடிவுகட்டியிருந்தபோது, அவர்களுக்குக் கால்குலஸ் கற்றுக்கொடுத்து, நாடு தழுவிய தேர்வில் தேறவைத்தவர். கோடை விடுமுறையில் அவருடைய மாணவர்களுக்கு வகுப்பு நடந்த இடம் இந்தக் கல்லூரி. அவர் கதை 1988-ல் ‘ஸ்டாண்ட் அண்ட் டெலிவர்’ என்ற படமானது. அதில் எஸ்கலான்டேயாக நடித்து ஆஸ்கர் பரிந்துரை பெற்ற எட்வர்டு ஜேம்ஸ் ஓல்மோஸ் இதே கல்லூரியில் படித்தவர். விளையாட்டரங்கமும் வகுப்பறையும் இங்கே ஒரே பிள்ளைகளைத்தான் வளர்த்திருக்கின்றன.

கென்னடி வந்த நாள்

1960 நவம்பர் 1. அமெரிக்க அதிபர் தேர்தலுக்குச் சரியாக ஒரு வாரம். ஜான் எஃப். கென்னடிக்கும் ரிச்சர்ட் நிக்ஸனுக்கும் கடும் போட்டி. கலிஃபோர்னியா நிக்ஸனின் சொந்த மாநிலம். அங்கே கென்னடி பிரசாரத்துக்கு வந்தபோது பேசிய இடங்களில் ஒன்று கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸ் கல்லூரியின் ஸ்டேடியம்.

அந்தத் தேர்தலில் ‘விவா கென்னடி’ மன்றங்கள் ஊருக்கு ஊர் முளைத்தன. மெக்ஸிக வம்சாவளி மக்களைத் திரட்டி, வாக்காளர்களாகப் பதியவைத்து, வாக்குச்சாவடிக்கு அழைத்துவந்த மன்றங்கள் அவை. அதுவரை அதிபர் வேட்பாளர்கள் பெரிதாகத் திரும்பிப் பார்க்காத மக்களைத் தேடி ஒரு வேட்பாளர் வந்ததும், அவர்களுடைய கல்லூரி மைதானத்தில் நின்று பேசியதும் சாதாரண விஷயம் அல்ல. கலிஃபோர்னியாவில் கென்னடி சொற்ப வித்தியாசத்தில் தோற்றார். நாட்டில் ஜெயித்தார். ‘எங்களிடமும் வந்து ஓட்டுக் கேட்டாகவேண்டும்’ என்ற நம்பிக்கை அந்த மக்களுக்கு அங்கிருந்துதான் வளர்ந்தது.

1974-ல் மைதானத்துக்கு இன்னொரு வேலை. வட அமெரிக்கக் கால்பந்து லீக்கில் புதிதாகச் சேர்ந்த ‘லாஸ் ஏஞ்சலிஸ் ஆஸ்டெக்ஸ்’ அணி, இதைச் சொந்த மைதானமாக வைத்துக்கொண்டு விளையாடியது. கால்பந்தை உயிராக நினைக்கும் மெக்ஸிக வம்சாவளி மக்களின் நடுவே, மெக்ஸிகோவின் பழங்குடிப் பேரரசின் பெயரைத் தாங்கிய அணி. முதல் ஆண்டிலேயே லீக் கோப்பையை வென்றது. மறு ஆண்டு அந்த அணி குடிபோன இடமும் ஒரு சமுதாயக் கல்லூரி மைதானம்தான், டாரன்ஸில் உள்ள எல் கமினோ கல்லூரியின் மர்டாக் ஸ்டேடியம். 1976-ல் ஜார்ஜ் பெஸ்ட் என்ற உலக நட்சத்திரம் அந்த அணிக்காக விளையாடியதும் அங்கேதான்.

1984: உலகம் வந்தது

1984 ஒலிம்பிக்ஸை நடத்த அன்று நகரங்கள் பயந்தன. 1976-ல் நடத்திய மான்ட்ரியாலுக்கு, அந்தக் கடனை அடைத்து முடிக்க 2006 வரை 30 ஆண்டுகள் ஆகின. லாஸ் ஏஞ்சலிஸ் வாக்காளர்களோ, 1978-ல், நகரத்தின் வரிப்பணத்தை ஒலிம்பிக்ஸுக்குச் செலவழிக்கக் கூடாது என்று வாக்களித்துவிட்டார்கள். பீட்டர் யூபராத் தலைமையிலான அமைப்புக் குழுவுக்கு ஒரே வழிதான் இருந்தது: புதிதாகக் கட்டாதே, இருப்பதைப் பயன்படுத்து.

அந்தக் கொள்கை கல்லூரி வளாகங்களின் பக்கம் அவர்களைத் திருப்பியது. பல்கலைக்கழக விடுதிகளே ஒலிம்பிக் கிராமங்கள் ஆயின. நீச்சல் குளம், சைக்கிள் பந்தயத் தளம் என மிகச் சிலவே புதிதாக எழுந்தன, இவ்விரண்டும் கல்லூரி வளாகங்களுக்குள் தனியார் நிறுவனங்களின் பணத்தில். ஹாக்கி கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸ் கல்லூரிக்கு வந்தது. ஹாக்கிக்கான செயற்கைப் புல்தரை போடப்பட்டது. புதுப்பிக்கும் பணிக்கு வைன்கார்ட் அறக்கட்டளை நிதி தந்தது. அரங்கின் இன்றைய பெயர் அப்படி வந்ததுதான்.

லாஸ் ஏஞ்சலிஸுக்கும் நம் ஹாக்கிக்கும் பழைய உறவு உண்டு. 1932-ல் அங்கே நடந்த ஒலிம்பிக்ஸில் இந்தியா அமெரிக்காவை 24-1 என்று நொறுக்கித் தங்கம் வென்றது. 1980-ல் மாஸ்கோவில், தமிழ்நாட்டின் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் மீண்டும் தங்கம். அந்தத் தங்கத்தைக் காக்க, 1984-ல் ஜாஃபர் இக்பால் தலைமையில் இந்திய அணி இந்தக் கல்லூரி மைதானத்தில் இறங்கியது. முகமது ஷாகித், மெர்வின் ஃபெர்னாண்டிஸ், ஜோகிம் கர்வாலோ என நல்ல அணிதான்.

லீக் சுற்றில் ஆஸ்திரேலியாவிடம் மட்டும் தோல்வி. அரையிறுதிக்குப் போக மேற்கு ஜெர்மனியை வீழ்த்தியே ஆகவேண்டும் என்ற நிலை. முழு ஆட்டமும் ஓடியது, கோல் விழவில்லை, 0-0. இரு அணிகளும் சமப் புள்ளிகள். கோல் வித்தியாசத்தில் மேற்கு ஜெர்மனி அரையிறுதிக்குப் போனது. இந்தியா நெதர்லாந்தை 5-2 என்று வென்று ஐந்தாம் இடத்தோடு ஊர் திரும்பியது. அதே ஒலிம்பிக்ஸில்தான் கொலீசியத்தில் பி.டி. உஷா நொடியின் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தை இழந்தார். நம் நாட்டுக்கு ஒரே வாரத்தில் இரண்டு வலிகள்.

ஆகஸ்ட் 11, ஆண்கள் இறுதி ஆட்டம். அரையிறுதியில் பலமான ஆஸ்திரேலியாவை 1-0 என்று வீழ்த்திவிட்டு வந்த பாகிஸ்தானும் மேற்கு ஜெர்மனியும் மோதின. முதலில் கோல் போட்டது ஜெர்மனி. ஹசன் சர்தார் அதைச் சமன் செய்தார். ஆட்ட நேரம் முடிந்தபோது 1-1. கூடுதல் நேரத்தில் கலீமுல்லா அடித்த கோல் தங்கத்தைக் கொடுத்தது. அதுதான் அடுத்த 40 ஆண்டுகளுக்குப் பாகிஸ்தானின் கடைசி ஒலிம்பிக் தங்கம். வெண்கலம் வென்ற பிரிட்டன், சோவியத் ஒன்றியம் ஒலிம்பிக்ஸைப் புறக்கணித்ததால் கடைசி நேரத்தில் வாய்ப்புப் பெற்று வந்த அணி.

பார்வையாளர் வரிசையிலிருந்து பதக்கத்துக்கு

அதற்கு முந்தைய நாள், ஆகஸ்ட் 10-ல் இதே மைதானத்தில் நடந்ததை ஹாக்கி ரசிகர்கள் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள்.

பெண்கள் பிரிவில் ஆறே அணிகள். எல்லோரும் எல்லோரோடும் மோதவேண்டும். இறுதி ஆட்டம் என்று தனியாக இல்லை. அமெரிக்கப் பெண்கள் தங்கள் ஆட்டங்களை முடித்துவிட்டார்கள். கடைசி ஆட்டம் நெதர்லாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும். அமெரிக்கப் பெண்கள் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆஸ்திரேலியா டிரா செய்தால்கூடப் போதும், அமெரிக்காவின் பதக்கக் கனவு முடிந்துவிடும்.

நெதர்லாந்து 2-0 என்று ஜெயித்தது. தங்கம் அதற்கு. வெள்ளி மேற்கு ஜெர்மனிக்கு. மூன்றாம் இடத்தில் அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் புள்ளி, கோல் என எந்தக் கணக்கிலும் பிரிக்கமுடியாமல் நின்றன. உடனே பெனால்ட்டி ஸ்ட்ரோக் முறையில் முடிவு செய்வதென்று அறிவித்தார்கள். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் இறங்கி ஓடிவந்து மட்டையை எடுத்தார்கள்.

பெனால்ட்டி ஸ்ட்ரோக் என்றால், கோலிலிருந்து ஏழு கஜ தூரத்தில் பந்து. அடிப்பவருக்கும் கோல்கீப்பருக்கும் நடுவே யாரும் இல்லை. அடிப்பவர் பந்தைத் தள்ள ஒரே ஒரு முறைதான் முடியும். பந்து நகரும்வரை கோல்கீப்பர் காலை அசைக்கக் கூடாது. ஓர் ஆட்டத்தை அப்போதுதான் முடித்துக் களைத்திருந்த ஆஸ்திரேலியப் பெண்கள் ஒரு பக்கம். உடம்பு சூடேற நேரமே இல்லாத அமெரிக்கப் பெண்கள் மறுபக்கம். முடிவு 10-5. வெண்கலம் அமெரிக்காவுக்கு. பெண்கள் ஹாக்கியில் அந்த நாட்டுக்கு இன்றுவரை கிடைத்த ஒரே ஒலிம்பிக் பதக்கம் அதுதான்.

அந்த ஒலிம்பிக்ஸ் 23 கோடி டாலருக்கு மேல் உபரி ஈட்டியது. அதில் 40 சதவீதம், அதாவது 9 கோடி டாலருக்கு மேல், தென் கலிஃபோர்னியாவின் இளைஞர் விளையாட்டுக்கு என்றே ஒதுக்கப்பட்டது. அதை நிர்வகிக்கும் எல்.ஏ.84 அறக்கட்டளை இன்றும் பிள்ளைகளுக்குப் பயிற்சியும் மைதானங்களும் தந்துகொண்டிருக்கிறது. கடனில் மூழ்கிய மான்ட்ரியாலுக்கும் உபரி கண்ட லாஸ் ஏஞ்சலிஸுக்கும் இடையே இருந்த முக்கியமான வித்தியாசங்களில் ஒன்று, கல்லூரிகளிடம் ஏற்கெனவே இருந்த இத்தகைய அரங்கங்கள்.

இது மட்டும் அல்ல

கலிஃபோர்னியாவின் சமுதாயக் கல்லூரி மைதானங்கள் வேறு பல வரலாறுகளையும் பார்த்திருக்கின்றன.

சாக்ரமென்டோ சிட்டி கல்லூரியின் ஹியூஸ் ஸ்டேடியம் 1928-ல் திறக்கப்பட்டது. 1968 ஜூன் 20 அன்று அங்கே நடந்த 100 மீட்டர் ஓட்டத்தின் அரையிறுதிகளில், ஜிம் ஹைன்ஸ், ரோனி ரே ஸ்மித், சார்லஸ் கிரீன் என மூன்று பேர் 9.9 விநாடியில் ஓடி, 10 விநாடி என்ற சுவரை ஒரே இரவில் தகர்த்தார்கள். உலக ஓட்டக்கள வரலாற்றில் அதற்கு ‘வேக இரவு’ என்றே பெயர். கார்ப் பந்தயமும் அமெரிக்கன் ஃபுட்பாலும் பார்த்த அந்த அரங்கத்தில் 1974 முதல் 1976 வரை ‘சாலன்ஸ்’ பேஸ்பால் அணி விளையாடியது. ஃபுட்பாலுக்குக் கட்டிய மைதானம் என்பதால் இடது பக்க எல்லை மிக அருகில். 1974-ல் அந்த அணி, பந்தை எல்லைக்கு வெளியே அடிக்கும் ‘ஹோம் ரன்’களை 300-க்கும் மேல் அடித்துக் குவித்தது.

டாரன்ஸின் மர்டாக் ஸ்டேடியத்துக்கு ஒரு சோகக் கதை. 1985 மே 31 அன்று அங்கே அமெரிக்கக் கால்பந்து அணி கோஸ்டாரிகாவிடம் 0-1 என்று தோற்று, 1986 உலகக்கோப்பை வாய்ப்பை இழந்தது. டிரா செய்திருந்தாலே அடுத்த சுற்றுக்குப் போயிருக்கலாம்.

வால்நட்டில் உள்ள மவுன்ட் சான் அன்டோனியோ கல்லூரி, 1959 முதல் ‘மவுன்ட் சாக் ரிலேஸ்’ என்ற தடகளப் போட்டியை நடத்துகிறது. ஒலிம்பிக் வீரர்கள் ஓடும் அதே தடத்தில் பள்ளி மாணவர்களும் ஓடுவார்கள்.

மிச்சமுள்ள நாட்களில்

ஒலிம்பிக்ஸ் ஹாக்கி நடந்தது இரண்டே வாரம். வைன்கார்ட் ஸ்டேடியத்தின் உண்மையான மதிப்பு மற்ற நாட்களில் இருக்கிறது. கல்லூரியின் ‘ஹஸ்கீஸ்’ அணி அங்கே விளையாடுகிறது. பல்கலைக்கழகங்களின் கண்ணில் படாமல் போன இளைஞர்களுக்கு இது இரண்டாம் வாய்ப்பு. இங்கே இரண்டு ஆண்டு நன்றாக ஆடிக் காட்டினால், பல்கலைக்கழக அணி உதவித்தொகையோடு அழைத்துக்கொள்ளும். இதே கல்லூரியின் கூடைப்பந்து அணியைப் பற்றி நெட்ஃபிளிக்ஸ் 2021-ல் எடுத்த ‘லாஸ்ட் சான்ஸ் யூ: பாஸ்கெட்பால்’ தொடரைப் பார்த்தவர்களுக்கு, அந்த இரண்டாம் வாய்ப்பு ஓர் இளைஞனுக்கு என்ன என்பது புரியும்.

கலிஃபோர்னியாவில் ‘சிவிக் சென்டர்’ என்று ஒரு சட்டம் உண்டு. சமுதாயக் கல்லூரிகளின் கட்டடங்களும் மைதானங்களும் வகுப்புக்கு இடையூறு இல்லாத நேரத்தில் பொதுமக்களின் கூட்டங்களுக்கும் பொழுதுபோக்குக்கும் கலை நிகழ்ச்சிகளுக்கும் திறந்திருக்கவேண்டும் என்பது அதன் சாரம். மக்கள் வரிப்பணத்தில் எழுந்த இடம் மக்களுக்கே என்பதைச் சட்டமாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். இந்த அரங்கம் தலைமுறை தலைமுறையாக ஊரோடு ஒட்டி நிற்பதற்கு இந்த எண்ணமே அடித்தளம்.

2028-ல் ஒலிம்பிக்ஸ் மூன்றாம் முறையாக லாஸ் ஏஞ்சலிஸுக்கு வருகிறது. இந்த முறை ஹாக்கி கார்சனில். வைன்கார்ட் ஸ்டேடியத்துக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. அது ஒலிம்பிக்ஸை நம்பிப் பிறந்த அரங்கம் அல்ல.

புதிய ஸ்டேடியம் ஒன்றுக்கு அடிக்கல் நாட்டும் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் நாம் இரண்டு கேள்விகள் கேட்கவேண்டும். முதல் போட்டிக்கு யார் வருகிறார்கள் என்பதை விட்டுவிடுவோம். ஆண்டுக்கு எத்தனை நாள் அதன் கதவு திறந்திருக்கும்? சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள் அதற்குள் கால் வைக்க முடியுமா? இந்த இரண்டுக்கும் நல்ல பதில் இருந்தால் அது ஊரின் சொத்து. இல்லையென்றால், எத்தனை கோடியில் கட்டினாலும் அது வெறும் கான்கிரீட்தான்.